ஆட்டிப் பார்க்கும் டீச்சர்

ஆய்வுக்கு வந்த அதிகாரி உட்காரப் போன நாற்காலியை டீச்சர் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது தலைமையாசிரியரின் சொந்த நாற்காலி. அவர் முகம் சுருங்கிவிட்டது. அதிகாரி பாதி குனிந்தபடி நின்றுகொண்டிருந்தார். நாங்கள் நான்கு ஆசிரியர்களும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டோம்.

"ஒரு நிமிசம் சார்" என்று சொல்லிவிட்டு, டீச்சர் பின்னங்காலை இடப்பக்கமாக ஒரு தள்ளு தள்ளினார். கால் கழன்று தரையில் விழுந்து உருண்டது.

"நல்லவேளை, ஆட்டிப் பாத்தேன்" என்றார் டீச்சர், ஒன்றும் நடக்காதது போல.

அதிகாரி ஸ்டூலில் உட்கார்ந்துதான் பதிவேடுகளைப் பார்த்தார். அந்த ஸ்டூலை அவரே ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்ததை நான் கவனித்தேன்.

உச்சிப்புளிக்குத் தெற்கே, கடற்கரையை ஒட்டி இருந்த நடுநிலைப் பள்ளி அது. நான் கணக்கு, அவர் அறிவியல். மூன்று வருடம் எங்களோடு இருந்தார். பிறகு உப்பூர்ப் பக்கம் மாறுதலாகிப் போனார். பெயரை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதினால், "யாரக் கேட்டு எழுதுனீங்க சார்?" என்று கேட்பார். எங்களுக்கு அவர் எப்போதும் டீச்சர்தான், அதுவே இருக்கட்டும்.

ராமேஸ்வரம் தீவில் மீன்பிடிக் குடும்பம். தினமும் பாம்பன் பாலத்தைத் தாண்டி பஸ்ஸில் வருவார். உச்சிப்புளியில் இறங்கினால் அங்கிருந்து என் பைக். முதல் நாள் ஏறும் முன்பு கால் வைக்கும் கம்பியைச் செருப்புக் காலால் இரண்டு மிதி மிதித்துப் பார்த்தார்.

"புது வண்டி டீச்சர்" என்றேன் கொஞ்சம் ரோஷமாக.

"வண்டி புதுசுதான் சார். போல்ட்டு முடுக்குனவரு சாப்பாட்டு நேரத்துல முடுக்கியிருந்தா?"

அன்று மாலையே மெக்கானிக்கிடம் காட்டினேன். போல்ட்டு நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் அதைப் பெருமையாகச் சொன்னேன். "அப்ப சந்தோசம், இனிமே நான் மிதிக்க வேண்டியதில்ல" என்றார். ஆனாலும் மிதித்தார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். அவர் அய்யா என்று கூப்பிடும் அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். கிளம்பும் முன்பு நங்கூரக் கயிற்றை தினமும் இழுத்துப் பார்ப்பாராம். "நேத்து நல்லா இருந்துச்சேய்யான்னு கேப்பேன். நேத்து நேத்துத்தானடின்னு சொல்லிட்டு இழுப்பாரு. கயிறு நடுவுல அறாது சார். முடிச்சு விழுந்த எடத்துல, வளையத்துல உரசுற எடத்துல, அங்கனதான் அறும். அந்த எடத்தப் பாத்தாப் போதும்."

இதையெல்லாம் அவர் எனக்குச் சொன்னது பிற்பாடு. முன்னாலேயே சொல்லியிருந்தால் அந்த ஆண்டு விழாவில் என் மானம் போயிருக்காது.

அது அவர் வந்த முதல் வருடம். "கணக்கு சார்தான, சவுண்டு பொறுப்பு நீங்க எடுத்துக்கங்க" என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். கணக்குக்கும் சவுண்டுக்கும் என்ன உறவு என்று எனக்கு இன்று வரை தெரியாது. மைக்செட்டுக்காரர் பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பாட்டு ஃபோன்ல இருந்தா ஒயரு நீங்க கொண்டாந்துருங்க" என்றார். நான் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு கடைக்குப் போனேன். ஃபோனையும் ஆம்ப்ளிஃபயரையும் இணைக்கும் ஒயர்கள் பூமாலை போலத் தொங்கிக்கொண்டிருந்தன. நீல நிறத்தில் ஒன்று இருந்தது. ஃபோனில் சொருகும் பின் தங்கம் போலப் பளபளத்தது. நிறம் பிடித்ததால் அதை வாங்கினேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

எட்டுப் பெண்பிள்ளைகள் ஆடும் நடனம். டீச்சர்தான் பயிற்சி கொடுத்திருந்தார். ஆறாம் வகுப்பு அனுசுயா முன்வரிசையில் நடுவில். ஊரே மணலில் உட்கார்ந்திருந்தது. பாட்டின் இரண்டாவது அடியில் அனுசுயா ஒரு காலைத் தூக்கி, இரண்டு கையையும் தலைக்கு மேலே குவித்து நின்றாள். அப்போது பெட்டியிலிருந்து 'கொர்ர்' என்று ஒரு சத்தம். பாட்டு நின்றுவிட்டது.

நான் ஒயரைப் பிடித்துத் திருகினேன். ஒரு கோணத்தில் பிடித்தால் பாட்டு வந்தது. கையை எடுத்தால் நின்றது. மைக்செட்டுக்காரர் ஆம்ப்ளிஃபயரைத் தட்டினார். கூட்டத்தில் விசில் பறந்தது. மற்ற ஏழு பிள்ளைகளும் ஒவ்வொருவராக ஓரத்துக்கு நழுவிவிட்டார்கள். அனுசுயா மட்டும் நின்றாள். "பாட்டு முடியுற வரைக்கும் யாரும் அசையக் கூடாது" என்று டீச்சர் சொல்லியிருந்தாராம். பாட்டு நின்றதா முடிந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒற்றைக் காலில், கையைத் தூக்கியபடி, கண்ணில் நீர் வழிய நின்றாள். சிலர் சிரித்தார்கள். அந்தக் கால் நடுங்கியது எனக்கு இருந்த இடத்திலிருந்தே தெரிந்தது.

டீச்சர் மேடையேறி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"பாட்டு முடிஞ்சிருச்சா டீச்சர்?"

"முடிஞ்சிருச்சுடி தங்கம்."

விழா முடிந்ததும் என்னிடம் வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். ஒயரை வாங்கி, பின்னும் ஒயரும் சேரும் இடத்தை விரலால் நெருடினார்.

"கழுத்து அத்துருக்கு. எங்கன வாங்குனீங்க சார்?"

"பஸ் ஸ்டாண்டுல."

"ஆட்டிப் பாத்தீங்களா?"

நான் குனிந்து மற்ற ஒயர்களைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

"சரி, வார சனிக்கிழமை ராம்நாடு போவோம்" என்றார்.

அந்தச் சனிக்கிழமையை ராமநாதபுரத்துச் செல்ஃபோன் கடைக்காரர்கள் சுலபத்தில் மறந்திருக்க மாட்டார்கள். டீச்சர் ஒவ்வொரு கடையிலும் ஒயரை எடுத்துத் தரச் சொல்வார். கடையில் இருக்கும் ஸ்பீக்கரில் சொருகி, தன் ஃபோனில் பாட்டைப் போடுவார். பாட்டு ஓடும்போதே பின்னை விரலுக்கிடையில் வைத்து உருட்டுவார். கழுத்தை இப்படியும் அப்படியும் வளைப்பார். காதை ஸ்பீக்கரோடு ஒட்டி வைத்துக்கொண்டு 'கொர' என்று ஒரு சின்னச் சத்தம் வருகிறதா என்று கேட்பார். வந்தால் வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார்.

ஒரு கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "டீச்சர், வாங்குறதுக்கு முன்னாடியே அத்துடுவீங்க போல."

"இங்கன அறுந்தா ஒரு ஒயரோட போகும் தம்பி. அங்கன அறுந்தா என் புள்ளை ஒத்தக்கால்ல நிப்பா."

அவருக்கு எப்படிப் புரியும்? பாவம், விழித்தார். நான்தான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

இன்னொரு கடையில், நூல் சுற்றிப் பின்னியிருந்த ஒயரை எடுத்து நீட்டினார்கள். "இது நாய் கடிச்சாலும் அறாது."

"எங்க ஊர்ல நாய் ஒயரக் கடிக்காது. நாங்க மணல்ல போட்டு இழுப்போம். மணல் உள்ள போனா என்ன ஆகும்?"

கடைக்காரருக்குத் தெரியவில்லை. டீச்சருக்கும் தெரியாது. அதனால் வாங்கினார். ஒரே மாதத்தில் தெரிந்துவிட்டது. நூலுக்குள் மணலும் உப்பும் ஏறி, கழுத்துப் பக்கம் பூண்டுத் தோல் மாதிரி உரிந்துவிட்டது. தங்கப் பின் இன்னும் மோசம். பூச்சு போய், ஒரு வாரத்தில் பச்சை பூத்துவிட்டது. கடல்காற்று எங்கள் பள்ளியில் கரும்பலகை ஆணியையே தின்றுவிடும். பூச்சு எம்மாத்திரம்?

செத்துப்போன ஒயர்களை டீச்சர் எறிய மாட்டார். ஏழாம் வகுப்புக்கு அறிவியல் பாடமாகக் கொண்டுபோவார். பிளேடால் கீறி, உள்ளே இருக்கும் செம்புக் கம்பிகளைப் பிள்ளைகளை எண்ணச் சொல்வார். என் நீல ஒயரையும் கீறினார். ஒரு பக்கத்துக்கு நான்கே நான்கு இழை, முடி மாதிரி.

"எங்க சித்தப்பா தலையிலகூட இதவிடக் கூட முடி இருக்கு டீச்சர்" என்றான் ஒரு பையன். பக்கத்து வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்புச் சத்தம் கேட்டது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று போய் எட்டிப் பார்த்தேன். போயிருக்கக் கூடாது.

ஒயரே வேண்டாம் என்று நான் ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வாங்கினேன். டீச்சர் அதையும் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தார். ஆட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. "எதுல புடிச்சிருக்குன்னே தெரியலையே சார்" என்று சந்தேகமாக வைத்தார். மறுநாள் காலை வணக்கத்தில், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அது சட்டென்று நின்றது. ஸ்பீக்கரிலிருந்து ஒரு ஆண்குரல் வந்தது.

"ஏலே, நண்டு என்ன வெலைக்குப் போகுது? கெடக்குறத எல்லாம் அள்ளிப் போட்டுக்கிட்டு வா!"

சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு ஆட்டோக்காரரின் ஃபோன் எப்படியோ எங்கள் ஸ்பீக்கரோடு சேர்ந்துகொண்டிருந்தது. கைகட்டி நின்ற முந்நூறு பிள்ளைகளும் குலுங்கினார்கள். தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். திரும்ப ஒயருக்கே வந்தோம்.

ஒயரிலும் விதவிதமான வேடிக்கைகள் இருந்தன. ஒரு நாள் பாட்டில் பாடுகிறவரின் குரல் மட்டும் காணாமல் போய்விட்டது. தபேலா, வயலின் எல்லாம் கேட்கிறது, ஆள் குரல் எங்கோ கிணற்றுக்குள் இருப்பது போல. டீச்சர் அரை மணி நேரம் போராடிக் கண்டுபிடித்தார். ஃபோனுக்குப் போட்டிருந்த தடித்த உறை, பின்னை முழுக்க உள்ளே போகவிடாமல் தடுத்திருந்தது. உறையைக் கழற்றியதும் குரல் வந்தது. அன்றிலிருந்து, பாட்டுப் போட ஃபோனை நீட்டுகிற எல்லோரிடமும் அவர் சொல்கிற முதல் வார்த்தை, "சட்டையக் கழட்டுங்க." புதிதாக வந்த ஓவிய ஆசிரியர் இதைக் கேட்டு அரண்டுபோனார்.

இன்னொரு நாள் என் ஃபோனில் பாட்டு. குடியரசு தின ஒத்திகை. நடுவில் அழைப்பு வந்தது. நிறுத்துவதாக நினைத்து நான் எதையோ அழுத்த, என் மனைவியின் குரல் இரண்டு பெட்டிகளிலும் கணீரென்று ஒலித்தது. "வரும்போது மாவு வாங்கிட்டு வாங்க. நேத்து மாதிரிப் புளிச்ச மாவு வாங்காதீங்க. மோந்து பாத்து வாங்குங்க!"

"உங்க வீட்டுலயும் சோதிச்சுத்தான் வாங்கச் சொல்றாங்க சார்" என்றார் டீச்சர். அதற்கப்புறம் யாருடைய ஃபோனானாலும் தானே வாங்கி, அழைப்பு வராதபடி ஃப்ளைட் மோடில் போட்ட பிறகுதான் சொருகுவார்.

இப்படியாக ஒரு வருடத்துக்கு மேல் தேடி, கடைசியில் ராமநாதபுரம் அரண்மனைக்குப் பின்னால் ஒரு சந்தில் பாய் கடையைக் கண்டுபிடித்தோம். மைக்செட்டுக்காரர்களுக்குச் சாமான் விற்கிற சின்னக் கடை. டீச்சர் தன் கதையை முழுக்கச் சொன்னார். பாய் பொறுமையாகக் கேட்டார்.

"டீச்சரம்மா, நீங்க வாங்குனது எல்லாம் ஒட்டி அடச்சது. உள்ள என்ன இருக்குன்னு வித்தவனுக்கும் தெரியாது, வாங்குனவனுக்கும் தெரியாது. நான் செஞ்சு தாரேன். மைக்குக்குப் போடுற ஒயரு, ரப்பரு மெத்துனு இருக்கும். பின்னு நிக்கலு, லேசுல துருப்பிடிக்காது. மரை திருகிக் கழட்டலாம். உள்ள ஈயப் பத்து விட்டுச்சுன்னா திரும்ப ஈயம் வச்சுப் பூட்டிக்கலாம்."

"கழட்டிக் காட்டுங்க பாய்."

கழற்றிக் காட்டினார். கழுத்தில் ஒரு சின்ன ஸ்பிரிங் இருந்தது, ஒயர் ஒரே இடத்தில் மடங்காமல் பார்த்துக்கொள்ள. பின்னில் இரண்டு கறுப்பு வளையம். மூன்று வளையம் இருப்பது மைக் வைத்த ஹெட்ஃபோனுக்கு, அது ஆம்ப்ளிஃபயருக்குச் சேராது என்று பாய் சொன்னதை டீச்சர் நோட்டில் எழுதிக்கொண்டார். எவ்வளவு நீளம் வேண்டும் என்று கேட்டதற்கு, நாங்கள் பாட்டுப் போடும் மேசையின் உயரம், ஆம்ப்ளிஃபயர் இருக்கும் தூரம் எல்லாவற்றையும் முழம் போட்டுக் காட்டினார். "நீளம் கூடுனா யாராச்சும் கால்ல தட்டுவாங்க. கொறஞ்சா ஃபோன் தொங்கும், கழுத்து இழுபடும். மேசக் கால்ல ஒரு சுத்து சுத்திக் கட்டுறதுக்கும் சேத்துக் குடுங்க பாய். யாராச்சும் இழுத்தாலும் இழுவை மேசக் காலோட நிக்கணும், பின்னுக்குப் போகக் கூடாது."

பாய் கையிலிருந்த சூட்டுக்கோலைக் கீழே வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். "இதை எங்கம்மா படிச்சீங்க?"

"எங்க அய்யா வள்ளத்துல."

செய்து முடித்ததும் கால் மணி நேரம் ஆட்டினார். பாட்டு ஒரு துளி கரகரக்கவில்லை. "அல்லாவே, இத்தன வருசத்துல என் சாமான இப்பிடி ஆட்டுன ஆளு நீங்கதாம்மா" என்றார் பாய். கோபமில்லை. அவருக்கே ஒரு பெருமை.

அந்த ஒயரை டீச்சர் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார். கையில் இறுக்கிச் சுற்ற மாட்டார், தளர்வாக வட்டம் வட்டமாக அடுக்கி வைப்பார். ஒவ்வொரு தடவையும் பின்னைத் துணியால் துடைத்துத்தான் உள்ளே வைப்பார். அந்த வருட ஆண்டு விழா, சுதந்திர தினம், ஆசிரியர் தினம் எதிலும் ஒரு பாட்டும் நிற்கவில்லை.

மூன்றாம் வருடம் ராமநாதபுரத்தில் மாவட்ட அளவில் நடனப் போட்டி. எங்கள் பள்ளி அதுவரைக்கும் எதிலும் முதல் பரிசு வாங்கியதில்லை. அந்த வருடம் வாங்கிவிடுவோம் என்று எல்லோருக்குமே தோன்றியது. டீச்சர் இரண்டு மாதம் மெனக்கெட்டிருந்தார். கடல் அரசியும் அவளுடைய தோழிகளும் ஆடுகிற ஆட்டம். எட்டாம் வகுப்பு ரெபேக்கா அரசி. முதல் பரிசு வாங்கினால் மாநிலப் போட்டிக்குச் சென்னை போகலாம். பிள்ளைகள் யாரும் மதுரையைத் தாண்டியதில்லை. ரயிலில் யாருக்கு ஜன்னல் சீட்டு என்று ஒரு வாரமாகச் சண்டை நடந்துகொண்டிருந்தது.

பதினோரு பள்ளிகள். குலுக்கலில் எங்களுக்கு ஒன்பதாவது வந்தது. முதல் இரண்டு பள்ளிகள் ஆடி முடித்தார்கள். மூன்றாவதாக, கடலை விட்டுத் தள்ளி இருந்த கிராமம் ஒன்றிலிருந்து வந்த பிள்ளைகள். பாட்டு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் 'கொர்ர்' என்றது. சவுண்டுக்காரர் ஒயரைத் திருகினார். நடுவர்கள் மறுபடி முதலிலிருந்து ஆடச் சொன்னார்கள். மறுபடியும் நின்றது. மேடையில் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

டீச்சர் கை பைக்குள் போவதைப் பார்த்தேன்.

"டீச்சர், வேணாம்" என்றேன். "நம்ம முறை வரும்போது போட்டுக்கலாம். அந்தாளு முரட்டுத்தனமாப் புடுங்குறாரு, பாருங்க. நம்ம ஒயரும் போயிரும்."

"ஒன்பதாவது வர்ற வரைக்கும் எத்தன புள்ளைக நிக்கணும் சார்?"

"அது அவங்க சார்மாரு பாக்க வேண்டியது."

"அவங்க பாக்கலையே." எழுந்துவிட்டார்.

நானும் பின்னாலேயே போனேன். டீச்சர் சவுண்டுக்காரரின் மேசை மேல் டப்பாவைத் திறந்தார். அவர் நிமிர்ந்து, "உங்க ஸ்கூலு எத்தனாவதும்மா?" என்று கேட்டார்.

"ஒன்பதாவது."

"அப்ப இப்ப எதுக்கு வந்தீங்க?"

"இந்த ஒயரப் போடுங்க. எல்லாருக்கும் இதுலயே ஓடட்டும். ஆனா ஒண்ணு, பின்னை நீங்க தொடக் கூடாது. மாட்டுறதும் எடுக்குறதும் நான்தான்."

அவர் யோசிக்கவில்லை. கூட்டத்தின் சத்தம் அவரை அந்தப் பாடு படுத்திக்கொண்டிருந்தது. டீச்சர் ஒயரை மேசைக் காலில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டினார். அந்தப் பள்ளியின் ஃபோனை வாங்கி உறையைக் கழற்றி, அழைப்பு வராதபடி செய்து, சொருகினார். பாட்டு வந்தது. பிள்ளைகள் மூன்றாவது முறையாக முதலிலிருந்து ஆடினார்கள். அழுத கண்ணோடுதான் ஆடினார்கள். ஆனால் என்ன ஆட்டம்! நடுவர் ஒருவர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

டீச்சர் அந்த மேசையை விட்டு நகரவில்லை. நான்காவது, ஐந்தாவது, ஆறாவது பள்ளி. வருகிற ஆசிரியர்களிடம் "சட்டையக் கழட்டுங்க" என்று சொல்வது எனக்குக் கேட்டது. நேரம் போய்க்கொண்டிருந்தது. நான் சைகை காட்டினேன். பிள்ளைகளுக்கு அலங்காரம் செய்ய வேண்டும். அவர் அங்கிருந்தே, "நீங்க பாத்துக்கங்க" என்று கையை அசைத்தார்.

நான் கணக்கு வாத்தியார். என் வாழ்நாளில் ஒரு ஹேர்பின்னைக் கையால் தொட்டதில்லை. ஒன்பது பிள்ளைகளுக்குப் பூ வைத்து, பொட்டு வைத்து, உதட்டுச் சாயம் பூசி, மினுமினுப்புத் தூள் தூவினேன். அதிகமாகப் போனதைத் துடைத்தேன், துடைத்ததில் போனதை மறுபடி பூசினேன். ரெபேக்காவுக்கு அட்டையில் செய்து தங்கத்தாள் ஒட்டிய கிரீடம். நான்கு பின் குத்தினேன். "போதுமாம்மா?" என்றேன். "தெரியல சார்" என்றாள்.

எங்கள் ஆட்டம் தொடங்கியது. பாட்டு துல்லியமாக ஓடியது. முதல் அடி முடிந்து, ரெபேக்கா சுழன்றாள். கிரீடம் இடது கண்ணுக்கு இறங்கியது. இன்னொரு சுழற்சி. மூக்குக்கு வந்துவிட்டது. ரெபேக்கா நிற்கவில்லை. கிரீடத்தைக் கையில் பிடுங்கி, கூட்டத்துக்கு வணக்கம் சொல்வது போல மேலே தூக்கி ஆட்டிக்கொண்டே ஆடி முடித்தாள். கூட்டம் கைதட்டித் தீர்த்தது. நடுவர்கள் தட்டவில்லை. குனிந்து எழுதினார்கள்.

எங்களுக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு, அழுத கண்ணோடு ஆடிய அந்த மூன்றாவது பள்ளிக்கு.

சவுண்டுக்காரர் ஒயரைத் தளர்வாகச் சுற்றி டீச்சரிடம் பவ்யமாகக் கொடுத்து, பாய் கடைக்கு வழி கேட்டுக்கொண்டார். ஜெயித்த பள்ளியின் ஆசிரியை ஓடிவந்து டீச்சரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் தூணோரமாக நின்று பொருமிக்கொண்டிருந்தேன். டீச்சர் என்னிடம் வந்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே கேட்டார்.

"கிரீடத்த ஆட்டிப் பாத்தீங்களா சார்?"

மூன்று வருடத்தில் அந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்டது அது இரண்டாவது தடவை.

திரும்பும்போது வேனில் ஜன்னல் சீட்டுக்கு யாரும் சண்டை போடவில்லை. டீச்சர் முன்சீட்டில் ஜன்னலோரமாக உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நான் டிரைவருக்கும் அவருக்கும் நடுவில். வாலாந்தரவை தாண்டும்போது தற்செயலாகத் திரும்பினேன். டீச்சர் அழுதுகொண்டிருந்தார். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க.

எனக்குக் கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. "டீச்சர், ஒயரக் குடுத்தோம்னு வருத்தப்படாதீங்க" என்றேன். ஆறுதல் சொல்லத் தெரியாதவன் சொல்கிற ஆறுதல்.

"குடுத்ததுக்கு யாரு அழுதா?" என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நாளைக்கும் குடுப்பேன். மெட்ராஸ் போகலாம்னு எனக்கும் ஆசை இருந்துச்சு சார். நானும் பாத்ததில்ல. ஜன்னல் சீட்டு எனக்குத்தான்னு இதுககிட்டச் சண்ட போட்டு வாங்கி வச்சிருந்தேன்."

பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கி முகம் முழுக்க அழுத்தித் துடைத்தார்.

பின்சீட்டிலிருந்து ரெபேக்கா எட்டிப் பார்த்து, "டீச்சர், மூஞ்சி!" என்று கத்தினாள்.

அன்று பகல் முழுவதும் ஒன்பது பிள்ளைகளின் உதட்டுச் சாயத்தைத் துடைத்த கைக்குட்டை அது. டீச்சரின் இரண்டு கன்னமும் சிவப்பு, மூக்கு நுனியில் தங்க மினுமினுப்பு. டிரைவரின் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு "ஐயோ மாதாவே!" என்று சிரிக்க ஆரம்பித்தார். அழுகையும் நிற்கவில்லை, சிரிப்பும் நிற்கவில்லை. பிள்ளைகள் சீட்டைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். டீச்சர் கைக்குட்டையை மடித்து, மிச்சமிருந்த சாயத்தை என் கன்னத்தில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டார். "சாரும் ஆட்டத்துல உண்டு" என்றார்.

டீச்சர் இறங்கி பஸ் ஏற வேண்டிய உச்சிப்புளி வந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. டிரைவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, நாங்கள் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.